சாவி கையில், உறுதி எங்கே? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அரச வீட்டை எழுதி வாங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஒரு நொத்தாரிசுக் கந்தோரில் உறுதி, அதாவது காணியின் சொந்தத்தைக் காட்டும் பத்திரம், எழுதும் மேசையில் பல வருடம் இருந்தவன் நான். சட்டத்தரணி அல்ல. ஆனால் கல்லடியிலிருந்து கோமாரி வரை சொந்தக்காரர், அயலவர், அவர்களுக்குத் தெரிந்தவர் என்று ஆட்கள் ஒரு பொலித்தீன் பையில் கடுதாசிகளைச் சுருட்டிக்கொண்டு வந்து கேட்ட கேள்விகள்தான் கீழே உள்ளவை. உங்கள் வழக்குக்கு உங்கள் சட்டத்தரணிதான் முடிவு சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது எதைக் கேட்பது, எந்தத் துண்டைக் கொண்டுபோவது என்பதற்கு இது உதவும்.

எங்கள் வீடும் அரச வீடுதான், பக்கத்து வீட்டம்மாவின் வீடும் அரச வீடுதான். அவவுக்கு உறுதி வந்துவிட்டது, எங்களுக்கு ஏன் வரவில்லை?

இரண்டும் ஒரே வகை வீடாக இல்லாமல் இருக்கலாம். 'அரச வீடு' என்று பேச்சில் சொல்கிறோமே தவிர, சட்டத்தில் அப்படி ஒரே பெட்டி கிடையாது. 1979 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான தேசிய வீடமைப்பு அதிகார சபை கட்டி வாடகைக்கோ தவணைக்கோ கொடுத்த வீடு ஒரு வகை. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியில் அரச காணியில் எழும்பிய மீள்குடியேற்ற வீடு இன்னொரு வகை. மாநகர சபையோ பிரதேச சபையோ தன் ஊழியருக்குக் கட்டிய வரிசை வீடு வேறு. கூட்டுத்தாபனத்தின் குவாட்டர்ஸ் வேறு. கல் ஓயாத் திட்டத்தில் 1949 க்குப் பிறகு குடியேற்றிய காணிகளில் நிற்கும் வீடு முற்றிலும் வேறு. அங்கே வீடு பின்னால்தான் வருகிறது, முதலில் நிற்பது வயற்காணியும் குடியிருப்புக் காணியும் பற்றிய அனுமதிப்பத்திரம்.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் வீட்டைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. 'நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது?' என்றுதான் கேட்பேன். வீட்டைக் கட்டியது யார், காசு தந்தது எந்த நாடு, திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சர் யார் என்பதெல்லாம் மணிக்கணக்காகச் சொல்வார்கள். நிலம் யாருடையது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இருபத்தைந்து வருடமாக இருக்கிறோம், வாடகையும் ஒழுங்காகக் கட்டினோம். பத்து வருடம் இருந்தால் காணி சொந்தம் என்கிறார்களே?

அந்தப் பத்து வருடக் கதை 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்திலிருந்து வந்தது. தனியாருடைய காணியில், அவருடைய உரிமையை ஏற்காமல், எதிரிடையாகப் பத்து வருடம் ஆண்டால்தான் அது பேசும். உங்களுக்கு அது இரண்டு விதத்தில் பொருந்தாது. அரசுக்கு எதிராக அந்தச் சட்டம் ஓடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதோடு, வாடகை கட்டுகிறவர் 'இது உங்கள் வீடு, நான் குடியிருப்பவன்' என்று மாதாமாதம் ஒப்புக்கொள்கிறார். இருபத்தைந்து வருடப் பற்றுச்சீட்டு, நீங்கள் சொந்தக்காரர் இல்லை என்பதற்கு இருபத்தைந்து வருடச் சாட்சி. கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும்.

ஆனாலும் அந்தச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். அதிகார சபை வீட்டை விற்கத் தீர்மானிக்கும்போது, அங்கீகாரம் பெற்ற குடியிருப்பாளர் யார் என்பதைக் காட்டுவது அவைதான். உரிமை தராது, வரிசையில் இடம் தரும். போர்க்காலத்தில் காணியை விட்டு ஓடியவர்களுக்கென்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமொன்று வந்ததே, அது உதவாதா என்றும் கேட்கிறார்கள். அது நீங்கள் இல்லாத நேரத்தில் வேறொருவர் உங்கள் தனியார் காணியைப் பத்து வருடக் கணக்குக் காட்டிப் பிடித்தால் உங்களைக் காப்பாற்ற வந்தது. அரச வீட்டுக் கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

லண்டனில் என் அண்ணன் கவுன்சில் வீட்டைப் பாதி விலைக்கு வாங்கினார். இங்கே அந்த உரிமை இல்லையா?

இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. கவுன்சில் வீடு என்பது அங்கே உள்ளூராட்சி சபை வாடகைக்குக் கொடுத்த வீடு. உங்கள் அண்ணன் வாங்கியது 1980 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ். தொடக்கத்தில் மூன்று வருடம் குடியிருந்தவருக்குச் சந்தை விலையில் 33 வீதம் கழிவு, கூட வருடம் இருந்தால் 50 வீதம் வரை. முக்கியம் கழிவு அல்ல. அங்கே அது குடியிருப்பாளரின் உரிமை. நிபந்தனைகள் சரியாக இருந்தால் கவுன்சில் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அங்கும் அது எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. ஸ்கொட்லாந்து 2016 இலும் வேல்ஸ் 2019 இலும் நிறுத்திவிட்டன.

நம் நாட்டில் அதற்குக் கிட்ட வந்தது 1973 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை போட்டு, மிச்சத்தை வீடமைப்பு ஆணையாளர் எடுத்து, குடியிருந்தவர் விண்ணப்பித்து வாங்க வழி வைத்தார்கள். கொழும்பில்தான் அதன் சத்தம் அதிகம். மட்டக்களப்பில் இரண்டு மூன்று வீதிகளைத் தாண்டி அது பெரிதாக வரவில்லை என்றே என் மேசையிலிருந்து பார்த்த அளவில் சொல்வேன். மற்றபடி அரச வீட்டில் குடியிருப்பவருக்கு அதைக் கட்டாயம் விற்க வேண்டும் என்று கேட்கும் பொதுவான உரிமை இங்கே இல்லை. விற்பது கொள்கை, திட்டம், சுற்றறிக்கை. அரசு மாறினால் திட்டமும் மாறும். காணிக்கு உரிமைப் பத்திரம் கொடுக்கும் திட்டமாக 2024 இல் 'உறுமய' வந்தது, அதற்கு முன்னர் ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்று வந்தன. கதவு திறந்திருக்கும் நாளில் கடுதாசி தயாராக இருக்கிறவருக்கு வேலை நடக்கும்.

அரசியலமைப்பில் வீடு பற்றி இருக்கிறதே என்றால், இருக்கிறது. 27 ஆம் உறுப்புரையில் போதிய உணவு, உடை, வீடு என்று அரச கொள்கையாக எழுதியிருக்கிறது. அதை வைத்து மட்டும் நீதிமன்றத்தில் வீடு கேட்க முடியாது.

திறப்பு விழாவில் சாவியும் பெயர் போட்ட ஒரு சான்றிதழும் தந்தார்கள். அது உறுதி இல்லையா?

இல்லை. அழகாகக் கண்ணாடி பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், பார்க்கப் பாவமாக இருக்கும். காணி கைமாற 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் ஒப்பமிட வேண்டும். அரசு நேரடியாகத் தன் காணியை அளிக்கும்போது நொத்தாரிசு தேவையில்லை. அங்கே 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதியின் பெயரால் அளிப்புப் பத்திரம் வரும். ஆக, உங்கள் கையில் இருக்க வேண்டியது இந்த இரண்டில் ஒன்று: நொத்தாரிசு இலக்கம் போட்ட உறுதி, அல்லது அரச அளிப்பு. சாவி, கையளிப்புக் கடிதம், பயனாளிப் பட்டியலில் பெயர், மின்சாரப் பில், சோலை வரித் துண்டு, வாக்காளர் இடாப்பு எல்லாம் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும். வீடு உங்களுடையது என்று அவற்றில் ஒன்றும் சொல்லாது.

அதிகார சபை எழுதித் தரத் தயார் என்கிறது. ஆனால் 'காணி இன்னும் விடுவிக்கப்படவில்லை' என்று இழுக்கிறார்கள். வீட்டைத் தருகிறவருக்குக் காணியைத் தர முடியாதா?

இதுதான் நம் இரண்டு மாவட்டத்திலும் பெரிய முடிச்சு. தன்னிடம் இல்லாததை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அதிகார சபையாக இருந்தாலும் அதேதான்.

ஒரு வீட்டுத்திட்டம் எப்படி உருவானது என்று பின்னால் போய்ப் பாருங்கள். அவசரத்தில் பிரதேச செயலாளர் ஒரு துண்டு அரச காணியைக் காட்டியிருப்பார். கட்டுவதற்கு அனுமதிக் கடிதம் போயிருக்கும். வீடு எழும்பியிருக்கும். ஆனால் காணி அதிகார சபைக்குச் சட்டப்படி கைமாறியதா, வெறும் கடிதத்தில்தான் கொடுபட்டதா என்பது வேறு விசயம். கடிதம் மட்டும்தான் என்றால் நிலம் இன்னும் அரசிடமே இருக்கிறது. அதிகார சபை வீட்டுக் கணக்கை முடித்தாலும் காணியை எழுத முடியாது. இதற்கு வழி இரண்டு. காணி முதலில் அதிகார சபைக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு உறுதியாக வரலாம். அல்லது பிரதேச செயலகம் வழியாக அரசு நேரே உங்களுக்கு அளிப்புத் தரலாம். எது என்பதை இரண்டு கந்தோரும் ஒரே மேசையில் இருந்து முடிவெடுக்காவிட்டால் நீங்கள் பந்து மாதிரி உருண்டுகொண்டிருப்பீர்கள்.

அடுத்தது நில அளவைப் படம். முழுத் திட்டத்துக்கும் ஒரே வரைபடம் இருக்கும், உங்கள் வீட்டுக்குத் தனித் துண்டு இலக்கம் இருக்காது. பத்துப் பேர்ச்சஸ் என்று வாயால் சொல்வார்கள், வேலி பன்னிரண்டு பேர்ச்சஸை வளைத்திருக்கும், பின்பக்கம் வாய்க்காலுக்கென்று விட்ட ஒதுக்குக் காணியில் குசினி ஏறியிருக்கும். துண்டு பிரித்து அளக்காமல் உறுதி எழுத முடியாது. ஒதுக்குக் காணியில் ஏறிய குசினிக்கு யாரும் உறுதி தர மாட்டார்கள், அதை விட்டுத்தான் அளப்பார்கள். சர்வேயர் வருகிற அன்று வீட்டில் ஆள் இருக்க வேண்டும். கோலைப் பிடிக்க அல்ல, எல்லைக் கல் எங்கே விழுகிறது என்று பார்க்க.

தனியாரிடம் காணி வாங்கித் தொண்டு நிறுவனமோ பள்ளிவாசலோ தேவாலயமோ கட்டிய வீடு என்றால் மேலே சொன்ன அரச காணிப் பாதை பொருந்தாது. அந்தக் காணியின் உறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எழுத வேண்டும். நிறுவனம் வேலையை முடித்து நாட்டை விட்டுப் போய்விட்டால் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் அலைந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். சாவி வாங்குகிற நாளிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும். யார் கேட்பது, அன்று எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம்.

உறுதி யாருடைய பெயரில் எழுதுவது? 'குடும்பத் தலைவர்' பெயர்தான் போடலாமாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், இது எங்கள் வீட்டுக் கதையும்.

கிழக்கில் தமிழர், முஸ்லிம் இரண்டு பக்கமும் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் பேசும்போது முதலில் வருவது வீட்டு வளவு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான், நாவலடியில் அம்மம்மா கொடுத்த சீதன வீடு. 2004 டிசம்பர் 26 இல் கடல் அதை எடுத்தது. பிறகு கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று கிழக்குக்கு ஒரு எல்லை போட்டார்கள். பின்னால் அதைத் தளர்த்தினாலும், அதற்குள் பலர் இடம் மாறிவிட்டார்கள். எங்களுக்கும் உள்பக்கம் மாற்று வீடு வந்தது. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அப்பாவின் பெயரை எழுதினார்கள். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான்தான் அந்தப் படிவத்தை நிரப்பியவன்.

அம்மாவின் வீட்டுக்கு ஈடாக வந்த வீடு ஒரே ஒரு கட்டத்தால் அப்பாவின் வீடாகியது. அப்பா போன பிறகு அம்மா தன் வீட்டிலேயே பங்குக்காரியாக நின்றா. என் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியபோது 'வளவு யார் பெயரில்?' என்று மாப்பிள்ளை பகுதி கேட்ட நேரம்தான் எனக்கு அந்தக் கட்டத்தின் விலை விளங்கியது.

'குடும்பத் தலைவர்' என்றால் ஆண்தான் என்று காணிச் சட்டத்தில் எழுதவில்லை. அது கந்தோர்ப் பழக்கம். இழந்த வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருந்தால் அதன் பிரதியை வைத்துக்கொண்டு, மாற்று வீடும் அவருடைய பெயரில் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சாதாரண நொத்தாரிசு உறுதியில் கணவன் மனைவி இருவர் பெயரும் போடலாம், தடை எதுவும் இல்லை. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், கல் ஓயா போன்ற குடியேற்றங்களில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகளில்தான் ஒருவர் பெயர் என்ற வழக்கம் இறுக்கமாக இருந்துவந்தது.

இன்னொரு தப்பெண்ணம்: 'எங்களுக்கு முக்குவர் சட்டம் இருக்கிறது, தேசவழமை இருக்கிறது, சீதனம் தானாகவே பெண்ணுக்கு வரும்.' வராது. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்குரியது. முக்குவர் சட்டம் ஒரு காலத்தில் இங்கே பேசப்பட்ட பழைய வழக்கச் சட்டம், இன்று நீதிமன்றத்தில் அது உங்களைக் காப்பாற்றாது. மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய வாரிசுரிமைச் சட்டம். வழக்கம் உறுதியில் எழுதப்பட்டால்தான் நிற்கும்.

வீடு அப்பா பெயரில், அவர் இறந்துவிட்டார். இப்போது யாருக்கு?

மறுபடியும், எந்தக் கடுதாசி என்பதைப் பொறுத்தது. நொத்தாரிசு உறுதி அப்பாவின் பெயரில் முழுமையாக வந்திருந்தால் அது சாதாரணச் சொத்து. மரணசாசனம் இல்லாவிட்டால், பொதுச் சட்டத்துக்குட்பட்டவர்களுக்கு 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் பேதமின்றி. முஸ்லிம்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டப்படி மார்க்கப் பங்கு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகனின் பங்கில் பாதி என்று கணக்குப் போகும்.

காணி அபிவிருத்திச் சட்டத்து அனுமதிப்பத்திரமோ அளிப்போ என்றால் இந்தக் கணக்கு எதுவும் வராது. உயிரோடு இருக்கும் துணைக்கு ஆயுள்வரை அனுபவம், அதாவது நம் பேச்சில் சீவிய உருத்து. பிறகு பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்ட ஒரே ஆள். ஒருவரையும் குறிக்காவிட்டால் சட்டத்தின் அட்டவணை தீர்மானிக்கும். அந்த அட்டவணை நெடுங்காலம் மூத்த ஆண் பிள்ளையை முன்னால் நிறுத்தியது. 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தம் அந்த ஆண் பெண் பேதத்தை எடுத்தது. உயிரோடு இருக்கும்போது செய்கிற பெயர் குறிப்பு, குறித்தவர் இறக்கும் முன் பதிவாகியிருக்க வேண்டும். எழுதிப் பெட்டிக்குள் வைத்திருந்த பேப்பரோடு வந்து அழுபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை. பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுக்காவிட்டாலும் உரிமை தவறிப்போகும். கட்டாரில் வேலை செய்யும் தம்பியின் பெயரைக் குறிக்கும் முன் இதை யோசியுங்கள்.

வீடு இன்னும் வாடகையில்தான் இருக்கிறது, உறுதி வரவே இல்லை என்றால் வாரிசுரிமை என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. மரணச் சான்றிதழோடு போய், குடியிருப்புப் பெயரை அம்மாவுக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஆறுதலாகச் செய்வோம் என்று விடவேண்டாம்.

சுனாமி வீட்டை ஒருவர் விலைக்குத் தருகிறார். உறுதி இல்லை, ஆனால் வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி, அட்டோனியும் எழுதித் தருவாராம். வாங்கலாமா?

வேண்டாம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

அவரிடம் சொந்தம் இல்லை, ஆகவே உங்களுக்கு விற்க ஒன்றும் இல்லை. முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாள் மோசடித் தடுப்புச் சட்டத்தின் முன் வெறும் தாள். அட்டோனித் தத்துவம் என்பது 'என் சார்பில் செய்' என்ற அனுமதி. கொடுத்தவர் நினைத்தால் நீக்கலாம், கொடுத்தவர் இறந்தால் அதுவும் செத்துவிடும். பயனாளிப் பட்டியலில் இருப்பது அவருடைய பெயர். நாளைக்கு உறுதி வந்தால் அவருடைய பிள்ளைகளின் கைக்குத்தான் வரும். நீங்கள் போட்ட மாபிள் தரையையும் கட்டிய மதிலையும் பார்த்து அவர்கள் இரக்கப்படுவார்கள் என்று நம்பினால் வாங்குங்கள்.

உறுதியோ அளிப்போ வந்த வீடு என்றால் அதை முழுக்க வாசியுங்கள். இத்தனை வருடம் விற்கக்கூடாது, பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்றக்கூடாது, ஈடு வைக்கக்கூடாது என்று நிபந்தனை இருந்தால் அது பேச்சுக்கு எழுதியது அல்ல. காணி அபிவிருத்திச் சட்டக் காணியில் சம்மதமில்லாத விற்பனை செல்லாது, அளிப்பே பறிபோகவும் இடம் உண்டு.

எங்கள் திட்டத்தைப் பிரதேச சபைக்கோ ஒரு சங்கத்துக்கோ ஒப்படைக்கப் போகிறார்களாம். எங்கள் நிலை என்ன?

முதலில் எதை ஒப்படைக்கிறார்கள் என்று கேளுங்கள். வீதி, வடிகால், பொதுக் கிணறு, விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் பிரதேச சபைக்குக் கொடுப்பது நல்லது. கொடுக்காவிட்டால் உடைந்த வடிகாலை யாரும் கட்டித் தர மாட்டார்கள்.

வீடுகளையே கைமாற்றினால் விசயம் கனமானது. நம் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு: வாடகை விற்பனைக்கு முந்தியது. சொந்தக்காரர் மாறினாலும் செல்லுபடியான வாடகை அப்படியே தொடரும். புதியவர் பழையவரின் காலணிக்குள் நிற்கிறார், அவ்வளவுதான். ஆனால் 'உங்களுக்கே விற்போம்' என்று பழைய சொந்தக்காரர் கூட்டத்தில் சொன்ன வாக்கு அதோடு சேர்ந்து போகாது. ஒப்படைக்கும் பத்திரத்திலேயே 'தற்போதைய குடியிருப்பாளருக்கு இன்ன விலையில் மாற்ற வேண்டும்' என்று நிபந்தனை ஏறினால்தான் அது நிற்கும். இங்கிலாந்தில் கவுன்சில் வீடுகளை வீட்டுச் சங்கங்களுக்கு மாற்றும்போது குடியிருப்போரிடம் வாக்கெடுப்பார்கள், பழையவர்களின் வாங்கும் உரிமையும் பாதுகாக்கப்பட்டது. இங்கே வாக்கெடுப்பு இல்லை. ஆகவே கடிதம் எழுதுங்கள், கூட்டறிக்கையில் பதியச் செய்யுங்கள்.

சங்கம் என்றால் அதற்குச் சட்ட ஆளுமை இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்ததா, கம்பனியா, வெறும் கிராமச் சங்கமா? பதிவில்லாத சங்கத்தின் பெயரில் காணி நிற்காது. தலைவர், செயலாளர் என்று ஆட்களின் பெயரில் எழுதுவார்கள். அப்போது 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புச் சட்டப்படி அவர்கள் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று உறுதியில் தெளிவாக எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் கோயில் வளவே தலைவரின் மருமகனிடம் போன கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்.

நாங்கள் தொடர்மாடியில் மூன்றாம் தட்டு. எங்களுக்கு நிலமே இல்லையே, உறுதி எப்படி?

கல்முனை கிரீன் பீல்ட் மாதிரி மாடி வீடுகளில் இருப்பவர்கள் கேட்பது. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டுச் சொத்துரிமைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இதற்குத்தான். கட்டடத்துக்கு ஒரு கூட்டாதன வரைபடம், அதாவது ஒவ்வொரு வீட்டையும் பொது இடங்களையும் பிரித்துக் காட்டும் படம், தயாரித்துப் பதிய வேண்டும். பதிந்த பிறகு உங்கள் தட்டிலுள்ள வீடு தனிச் சொத்தாகும். படிக்கட்டு, கூரை, தண்ணீர்த் தாங்கி, கீழே உள்ள நிலம் ஆகியவற்றில் எல்லோருக்கும் பங்கு. வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவ அமைப்பும் அதோடு உருவாகும். மாதக் கட்டணம் கட்ட மனமில்லாதவர்கள் மேல்தட்டு மோட்டர் எரிந்தபின்தான் அந்த அமைப்பைத் தேடுவார்கள். வரைபடம் பதியாதவரை தனி உறுதி கிடையாது.

நான் அரச ஊழியன், குவாட்டர்ஸில் இருக்கிறேன். ஓய்வு பெற்றதும் அதை வாங்கலாமா?

பொதுவாக முடியாது. குவாட்டர்ஸ் பதவியோடு வருவது, பதவியோடு போவது. 1969 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் அதை நீதவான் மூலம் விரைவாகத் திருப்பி எடுக்கவே வந்தது. கூட்டுத்தாபனம் மூடப்பட்டு அதன் வீடுகளை ஊழியருக்கு விற்க அமைச்சரவை தீர்மானித்தால் மட்டும் கதை வேறு.

'30 நாளில் வெளியேறு' என்று கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?

அது 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகளின் உடைமையை மீளப்பெறல் சட்டத்தின் கீழ் வந்ததாக இருக்கும். கிழித்துப் போடாதீர்கள், வந்த திகதியைக் குறித்து வையுங்கள். நீங்கள் போகாவிட்டால் அதிகாரி நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே எவ்வளவு காலம் இருந்தீர்கள், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு செலவு செய்து கட்டினீர்கள் என்பது எடுபடாது. நீதவான் கேட்பது ஒன்றுதான்: அரசு தந்த, இன்றும் செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்து அதிகாரமோ இருக்கிறதா? பழைய ஒதுக்கீட்டுக் கடிதமும் வாடகைப் பற்றுச்சீட்டும் உயிர் பெறுவது இங்கேதான். அறிவித்தல் தந்த முறையே பிழை என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட், அதாவது அந்த அறிவித்தலை நீக்கச் சொல்லும் நீதிமன்ற ஆணை, கேட்கலாம். அதைச் சட்டத்தரணியிடம் முதல் வாரத்திலேயே பேச வேண்டும்.

எங்களை விட்டுவிட்டு வேறு ஆட்களுக்கு வீட்டை ஒதுக்கினார்கள். நீதிமன்றம் இதில் தலையிடுமா?

தலையிடும், தலையிட்டும் இருக்கிறது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவுதி அரேபிய உதவியில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 500 வீடுகள் எழும்பின. ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுப்பது சரியா என்று உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. எல்லா இனத்தவருக்கும் விகிதாசாரப்படி பங்கிட வேண்டும் என்ற நிலை வந்தது. கையளிப்பு நின்று, வீடுகள் பல ஆண்டுகள் பற்றைக்குள் கிடந்தன. யார் பக்கம் நியாயம் என்பதை ஊருக்கு ஊர் வேறு விதமாகச் சொல்வார்கள். என் கருத்து, பாதிக்கப்பட்டவரை அடையாளம் காணும் அளவுகோலைக் கட்டும் முன்பே எழுதி ஒட்டியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

உங்கள் விசயத்தில் 12 ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனுப் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது.

கந்தோரில் கோப்பைக் காட்ட மாட்டார்கள். காசுக்கு வக்கீல் பிடிக்கவும் வழியில்லை.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். 'எனக்கு நீதி வேண்டும்' என்று எழுதாதீர்கள். இன்ன துண்டின் ஒதுக்கீட்டுக் கடிதம், காணி விடுவிப்புக் கடிதம், நில அளவைப் பட இலக்கம், என் பெயரில் உள்ள நிலுவைக் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் தராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும் பிறகு ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. காலையில் போங்கள், பொலித்தீன் பையையும் கொண்டுபோங்கள்.

உறுதி வந்துவிட்டது. இனி என்ன?

காணிப் பதிவகத்தில் பதிந்ததா என்று பாருங்கள். பதியாத உறுதியை, அதே காணிக்குக் காசு கொடுத்துப் பின்னால் எழுதி முதலில் பதிந்த இன்னொரு உறுதி தோற்கடிக்கலாம். சோலை வரிப் பெயரை மாற்றுங்கள். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி பதிவகத்துக்குப் போயிருக்கும். வெள்ளமோ கடலோ உங்கள் பிரதியைக் கொண்டுபோனாலும் அங்கே அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம், அதற்கு உறுதி இலக்கமும் திகதியும் வேண்டும். அவற்றை ஒரு கொப்பியில் எழுதி மகளின் வீட்டிலும் ஒன்றை வையுங்கள். அப்புறம், உறுதியை லமினேட் பண்ணாதீர்கள். வங்கியில் ஈடு வைக்கப் போகும்போது முத்திரையையும் கையெழுத்தையும் பார்க்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.